கரை சேர்ந்தவை

சேந்தன்துறையிலும் அதை ஒட்டிய ஏழு கடற்கரை ஊர்களிலும், எங்கும் எழுதப்படாத, எவரும் மீறாத விதி ஒன்று இருந்தது: கரை திரும்பாத படகின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டில் சொல்வதில்லை, மீன் ஏலக்கூடத்தில் சொல்வதில்லை, கோயிலில் அந்தக் குடும்பத்துக்காக மன்றாடும்போதுகூடப் பங்குச் சாமியார் ‘அந்தப் பிள்ளைகள்’ என்றுதான் சொல்வார். பெயர் காதில் விழுந்தால் கடல் அதைத் தனக்கென எழுதி வைத்துக்கொள்ளும் என்றார்கள். இதை நம்பாதவர்களும் இருந்தார்கள். அவர்களும் சொன்னதில்லை.

கொண்டல் சமுதாய வானொலி இந்த விதிக்குக் கட்டுப்பட்டே இருபத்தாறு ஆண்டுகளாக ஒலித்துவந்தது. ஏலக்கூடத்தின் மாடியில் இரண்டு அறைகள், உப்புக்காற்றில் ஆண்டுதோறும் வண்ணம் உரிந்துபோகும் ஓர் ஒலிபரப்புக் கோபுரம்: அதுதான் நிலையம். காலையில் காற்றின் திசை, நீவாடு என்று ஊர் சொல்லும் நீரோட்டத்தின் போக்கு. பிறகு, யாருக்கு எந்த வகை இரத்தம் தேவை, பாலர் பள்ளி இன்று உண்டா இல்லையா, பேருந்தில் தவறவிட்ட சான்றிதழ் யார் கையில் இருக்கிறது, எந்தக் கிணற்றில் உப்பேறிவிட்டது என்பன போன்ற செய்திகள். நகரத்து நிலையங்கள் அறியாதவை, அறிய விரும்பாதவை. ஆனால் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வரும் நிகழ்ச்சியின் முன்னால் இவை அத்தனையும் சிறுத்துப்போகும். அதன் பெயர் ‘கரை சேர்ந்தவை’.

பொழுது விடியுமுன் கடலுக்குப் போகும் படகுகள் முற்பகல் பதினொரு மணி வாக்கில் திரும்பிவிடும். திரும்பிய படகுகளின் பெயர்களை அறிவிப்பாளர் ஊர் ஊராக வாசிப்பார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. வாசிக்கப்படாத பெயரைப் பற்றி ஒரு சொல்லும் வராது. ஆனால், அந்தப் பெயர் வந்திருக்க வேண்டிய இடத்தில் விழும் இடைவெளியை எட்டு ஊரும் கேட்கும். அந்த வீட்டுப் பெண்கள் கொதிக்கும் உலையை இறக்கிவைத்துவிட்டுக் கரைக்கு ஓடுவார்கள். அப்போதுதான் வந்து சேர்ந்த படகுகள் வலையை மணலில் இறக்கிப் போட்டுவிட்டு, டீசல் ஊற்றிக்கொண்டு மறுபடி கடலுக்குத் திரும்பும். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. தேடப் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை.

பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பட்டியலை வாசித்துவந்தவள் பிலோமி.

2041ஆம் ஆண்டில், கரையோரத் தகவல் முகமையிலிருந்து இளஞ்சேரன் என்ற பொறியாளன் ஒரு திரையைச் சுமந்துகொண்டு வந்தான். படித்தவன், பணிவானவன், சாளை மீனில் முள்ளெடுக்கத் தெரியாதவன். நிலைய மேலாளர் கஸ்பார் அவனை ஒலிப்பதிவு அறையில் பிலோமிக்கு எதிரே உட்காரவைத்தார்.

“ஒவ்வொரு படகுலயும் ஒரு பெட்டி பொருத்துவோம், மேடம்,” என்றான் இளஞ்சேரன். “படகு எங்க இருக்கு, எஞ்சின் எப்படி ஓடுதுன்னு அது சொல்லிட்டே இருக்கும். அதோட காத்து, நீரோட்டம், அந்தப் படகு இதுவரைக்கும் போன பயணங்கள் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து, எது எத்தனை மணிக்குக் கரைக்கு வரும்னு எங்க மென்பொருள் ‘முன்கரை’ கணிச்சுடும்.”

“பெட்டி கெட்டுப்போச்சின்னா? உப்புக்காத்து இங்க சாமியாரு சைக்கிளையே தின்னுட்டு.”

“கெட்டாலும் கவலை இல்ல. கடைசியா சிக்னல் கிடைச்ச இடத்துலேருந்து மிச்சப் பாதையை முன்கரையே போட்டுக்கும். திரையில பேரு கறுப்பா இருந்தா, படகு தூண்டில் வளைவைத் தாண்டி உள்ள வந்ததைக் கேமரா பார்த்துருச்சுன்னு அர்த்தம். மங்கலா இருந்தா, பார்க்கல. ஆனா வந்திருக்கும்னு கணக்கு சொல்லுது.”

“கணக்கு சொன்னா வள்ளம் வந்துருமா தம்பி?”

“பத்தாயிரத்துல மூணு தடவைதான் தப்பும், மேடம்.”

கஸ்பார் வாய்விட்டுச் சிரித்தார். “பெறவென்ன, பிலோமி? நம்ம அமலோற்பவம் எண்ணுனா நூத்துக்கு மூணு தப்பும்லா.”

அமலோற்பவம், கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவின் பாறை முனையில் நின்று, தொலைநோக்கியால் படகுகளை எண்ணி நிலையத்துக்குச் சொன்னவள். படகில் இருப்பவர்களின் முகம் தெரியும்வரை அதை எண்ணிக்கையில் சேர்க்கமாட்டாள். அதனால் பட்டியல் சில நாள்களில் அரை மணி நேரம் தாமதமாகும். அந்த மாதத்தோடு அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

முதல் ஆண்டு பிலோமி கறுப்புப் பெயர்களை மட்டுமே வாசித்தாள். விடுபட்ட மங்கல் பெயர்களுக்காகப் பெண்கள் கரைக்கு ஓடினார்கள். படகுகள் தேடத் திரும்பின. ஒரு மணி நேரத்தில் அந்தப் படகு சீட்டியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. இது பத்து முறை நடந்தபின் ஊர் எரிச்சலடைந்தது. “ஏளா பிலோமி, அந்தப் பொட்டி வரும்னு சொல்லுதுல்லா? நீ எதுக்கு எங்கள வெயில்ல ஓடவிடுத?” என்று பெண்களே சண்டைக்கு வந்தார்கள். முகமையோ, பட்டியலின் ‘முழுமை’க்கு மதிப்பெண் போடத் தொடங்கியது; மதிப்பெண் குறைந்தால் நிலையத்தின் உரிமம் புதுப்பிக்கப்படாது. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் பிலோமி மங்கல் பெயர்களையும் சேர்த்து வாசித்தாள். மூன்றாம் ஆண்டில் கறுப்புக்கும் மங்கலுக்கும் வேறுபாடு இருப்பதே அவள் கண்ணுக்குத் தெரியாமல்போனது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்கரை அந்த மூன்று ஆண்டுகளில் ஒருமுறையும் தவறவில்லை என்று முகமை பெருமையாக அறிக்கை வெளியிட்டது. பன்னிரண்டு மணிக்கு ‘வந்துவிட்டது’ என்று வாசிக்கப்பட்ட படகு இரண்டு மணிக்கு வந்தால் அது சரியான கணிப்பு. நான்கு மணிக்கு, எஞ்சின் பழுதாகி, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்தால் அதுவும் சரியான கணிப்பு. படகு எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது அல்லவா! பொய்யைக் கடல்தான் ஒவ்வொரு நாளும் பின்னால் ஓடிவந்து மெய்யாக்கிக்கொண்டிருந்தது. அதற்கான புகழைத் திரை வாங்கிக்கொண்டது. எட்டு ஊர் மக்கள் தங்களுடைய மிக நம்பகமான எச்சரிக்கையை, அந்தச் சின்ன இடைவெளியை, நிழலில் உட்காரும் சுகத்துக்காகக் கையளித்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. வெயிலில் நின்றவர்கள் அவர்கள்தான் என்பதை நினைத்தால் அந்தக் கோபம் இடம் மாறி, சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அன்று பட்டியலில் நூற்றுப் பதினான்கு பெயர்கள் இருந்தன. காலை ஒன்பது மணியளவில் கடலில் ஒரு சுழல்காற்று கடந்துபோயிருந்தது. ஒன்பது பெயர்கள் மங்கலாக இருந்தன. பிலோமி நூற்றுப் பதினான்கையும் வாசித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நிலையத்தின் தொலைபேசி ஒலித்தது.

“அக்கா, நான் சவேரி. விடிவெள்ளி வள்ளத்துக்காரன். தொம்மையோட தம்பி.”

“சொல்லு சவேரி. என்ன கொரல் இப்படிக் கெடக்கு?”

“துறைமுகத்து ஆஸ்பத்திரில இருக்கேங்க்கா. வெடிஞ்ச பெறவு லாஞ்சுக்காரவிய தூக்கிப்போட்டுக் கொண்டாந்தாவ.”

பிலோமிக்கு முதலில் புரியவில்லை. விடிவெள்ளி நேற்றே கரை சேர்ந்த படகு. அவளே வாசித்தாள்.

“நேத்து காத்துல வள்ளம் கவுந்துட்டு,” என்றான் சவேரி. “அண்ணன், நான், ராயப்பன் மாமா, மூணுபேரும் அடிமரத்தைப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தோம். மாமா கழுத்துல பிளாஸ்டிக் பையில ரேடியோ கெடந்திச்சி. தண்ணி ஏறல்ல. பன்னெண்டு மணிக்கு அண்ணன் சொல்லிச்சி, ‘பொறுங்கலே, பட்டியல் முடியட்டும். நம்ம பேரு வராது. ரெண்டு மணிக்குள்ள ஊரே வந்து நிக்கும்’னு. நீங்க வாசிச்சிய. நம்ம ஊரு வந்திச்சி. ‘வானதூதர்’ சொன்னிய. ‘அலங்காரி’ சொன்னிய. பெறவு...”

அவன் இருமினான். பிலோமி தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“பெறவு ‘விடிவெள்ளி’ன்னு சொன்னியக்கா. ஒங்க கொரல்லதான். மாமாவுக்குச் சிரிப்பு வந்துட்டு. ‘எலே, நாம வீட்டுக்குப் போயிட்டோமாம், கை கால் கழுவிட்டுச் சோறு தின்ன வாங்கலே’ன்னாரு. அண்ணன் சிரிக்கல்ல. அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல்ல. வெடியக்குள்ள பாக்கேன், அடிமரத்துலேருந்து அண்ணன் கைய எடுத்துட்டு. வலு இல்லாம இல்லக்கா. எனக்கே வலு இருந்திச்சே! இனி ஒருத்தரும் வரமாட்டாவன்னு அதுக்குத் தெரிஞ்சிபோச்சி.”

திரும்பாத படகின் பெயரைச் சொல்லாத வழக்கத்தைக் கரையில் இருப்பவர்களின் பக்கமிருந்தே பிலோமி இதுவரை பார்த்திருந்தாள். கடலில் தத்தளிப்பவனும் அந்தப் பட்டியலைக் கேட்கிறான், தன் பெயர் வராததைக் கேட்டே உயிரைப் பிடித்துக்கொள்கிறான் என்பது அந்தக் கணம்வரை அவளுக்குத் தோன்றவில்லை.

“ராயப்பன்?” என்றாள்.

“டீசல் கேனைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு இருந்தாரு. நீவாடு தெக்காம இழுத்துட்டுப் போயிட்டு. சூரியன் ஏறுன பெறவும் கையாட்டுனாரு, நான் பாத்தேன். உசுரோட இருக்காருக்கா. லாஞ்சுக்காரவிய ஒரு சுத்து பாத்துட்டு, என்னைய ஆஸ்பத்திரில சேக்கணும்னு வந்துட்டாவ. நீங்க ஊருக்குச் சொல்லுங்க. நம்ம பக்கத்து வள்ளம் அம்பது இந்நேரம் கடல்லதான் நிக்கி. சொல்லுங்கக்கா.”

அவள் முதலில் முகமையின் தேடுதல் பிரிவை அழைத்தாள். மறுமுனையில் ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னாள்: விடிவெள்ளி திங்கட்கிழமை பதினொன்று நாற்பத்தேழுக்குக் கரை சேர்ந்திருக்கிறது, கரை சேர்ந்த படகைத் தேடுவதற்கு விதிகளில் இடமில்லை.

ஒரு மணி நேரத்தில் இளஞ்சேரனே வந்துவிட்டான். அவன் கையில் ஒரு தாள் இருந்தது. கஸ்பார் கதவைச் சாத்தினார்.

“மேடம், நடந்தது வருத்தமானதுதான். ஆனா பதிவுல படகு வந்திருக்கு. அப்படின்னா கவிழ்ந்தது அதுக்கப்புறம் போன ரெண்டாவது பயணமா இருக்கணும். அனுமதி வாங்காத பயணம். இதைப் பன்னெண்டு மணிக்கு அறிவிப்பா வாசிச்சுடுங்க, வதந்தி பரவாம இருக்கும்.”

பிலோமி தாளை வாங்கிப் படித்தாள். நான்கு வரிகள். திருத்தமான தமிழ், ஒரு பிழைகூட இல்லை. ‘அனுமதியின்றி மீண்டும் கடலுக்குச் சென்ற மீனவர்களின் கவனக்குறைவால்’ என்று தொடங்கியது.

“யாரு கவனக்கொறவு?” என்றாள். “தொம்மை தண்ணிக்குள்ள கெடந்து செத்துருக்கான். செத்தவன் தலையில பொய்யையும் கட்டி அனுப்பணுமோ?”

“நான் பொய் சொல்லல, மேடம். பதிவு...”

“பதிவு யாரு போட்டது? அந்தப் பொட்டி ஒம்பது மணிக்கே ஊமையாயிட்டு. மிச்சத் தூரத்துக்கு ஒங்க முன்கரைதான் அந்த வள்ளத்த ஓட்டிட்டு வந்து கரையில கட்டிருக்கு. கட்டுன வள்ளம் எங்க? காட்டும் பாப்போம். கீழ கரையில நிக்குதா?”

இளஞ்சேரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “கணிப்பு மாதிரியில ஒரு விலகல் இருக்கலாம். அதை ஒரு குழு பார்க்கணும். பதிவைத் திருத்துறதுக்கு ரெண்டு நாள் ஆகும். அதுக்கப்புறம் தேடச் சொல்லலாம்.”

“ரெண்டு நாளு ராயப்பன் மெதக்கணும். அதுக்கும் ஒரு குழு போட்டிருக்கியளா?”

“பிலோமி,” என்று கஸ்பார் குறுக்கிட்டார். அவர் கெட்டவர் அல்லர். நிலையத்துக்கு முதல் கல் சுமந்தவர்களில் ஒருவர். அதனாலேயே அவருடைய அச்சம் மற்றவர்களுடையதைவிட அருவருப்பாக இருந்தது. “சார் சொல்லுத தாளை நாம வாசிக்க வேண்டாம். நான் பேசிக்கிடுதேன். ஆனா நீயும் ஒண்ணும் சொல்லாத. மார்ச்சுல லைசென்சு முடியுது. அதவிட, வராத வள்ளத்துப் பேரை நம்ம ரேடியோவுல சொன்னதே கெடையாது. அது மொறை. இன்னைக்குப் பட்டியல்ல அந்தப் பேரு இருக்காதுல்லா? ஊரு தன்னால புரிஞ்சிக்கிடும்.”

“எப்படி அண்ணாச்சி புரியும்? நேத்து வந்துட்டுன்னு வாசிச்சாச்சி. இன்னைக்குப் பேரு வரலன்னா, இன்னைக்கு அந்த வள்ளம் கடலுக்கே போகலன்னுதான ஊரு நெனைக்கும்?”

கஸ்பாருக்கும் அது முன்னமே தெரிந்திருந்தது என்பதை அவருடைய முகத்தில் பிலோமி கண்டாள். முன்னோர் துயரத்தோடு காத்துவந்த ஒரு மௌனத்தை, ஓர் அலுவலகத்தின் பிழையை மூடும் துணியாக அவர் விரித்துப் பிடித்திருந்தார். பக்தியோடு விரித்திருந்தார். அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

அவள் படியிறங்கி தொம்மையின் வீட்டுக்கு நடந்தாள். மணி பதினொன்று.

தொம்மையின் மனைவி விண்ணரசி முற்றத்தில் கருவாட்டுக்கு உப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “வாங்கக்கா. என்ன, ரேடியோ ஸ்டேசனே நடந்து வருது? ஒங்க தம்பிக்காரரு, கரைக்கு வந்ததும் நேரா டவுனுக்கு எஞ்சின் பெல்ட்டு வாங்கப் போறேன்னவரு, இன்னும் வீட்டுக்கு வரல்ல. நேத்து ஏலத்துல போயிக் கேட்டேன். பத்துப் பேரு, ‘வந்துட்டாரே, ரேடியோவுல வாசிச்சாச்சே’ன்னாவ. சவேரியையும் ராயப்பன் அண்ணனையும் கூட்டிக்கிட்டு டவுன்ல எங்க குடிச்சிட்டுக் கெடக்காரோ! வரட்டும்.”

பத்துப் பேரில் ஒருவர்கூட தொம்மையைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை.

பிலோமி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கவிழ்ந்ததை, பட்டியலை, விடியற்காலையை. சொல்லும்போது விண்ணரசியின் கை உப்புச் சட்டியிலிருந்து வெளியே வரவேயில்லை.

“பேரு எப்படி வந்திச்சி?” என்றாள் கடைசியில். “வராத வள்ளத்துப் பேரு ஒங்க வாயில எப்படி வந்திச்சி?”

“திரையில மங்கலா இருந்திச்சி. மங்கலா இருந்தா யாரும் பாக்கலன்னு அர்த்தம். எனக்குத் தெரியும். காத்து அடிச்சதும் தெரியும். வழக்கம்போல வந்துரும்னு வாசிச்சிட்டேன், விண்ணரசி. வேற யாரும் வாசிக்கல்ல. நான்தான் வாசிச்சேன்.”

விண்ணரசி எழுந்து, உப்புக் கையோடு அவளை அறைந்தாள். இரண்டாவது முறையும் அறைந்தாள். பிலோமி விலகவில்லை.

“ஒனக்குக் கண்ணு இல்லியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா? அவரு ஒன்னைய அக்கான்னுதான கூப்புடுவாரு!”

“அடி. எவ்வளவு வேணும்னாலும் அடி. ஆனா ராயப்பன் கேனைப் புடிச்சிட்டு உசுரோட கெடக்கான். பன்னெண்டு மணிக்குத்தான் எல்லா வள்ளத்துலயும் எல்லா வீட்டுலயும் நம்ம ரேடியோ ஓடும். நான் பேரைச் சொன்னா, கடல்ல நிக்கிறவன், கரைக்கு வந்தவன், அத்தன பேரும் தெக்காம திருப்புவான். ஒன் வள்ளத்துப் பேரு. ஒங்கிட்டக் கேக்காம சொல்ல எனக்கு வாய் வரல்ல.”

“சொல்லாத.” விண்ணரசியின் குரல் சட்டென்று தாழ்ந்தது. “அவரு கைய விட்டத சவேரிதான பாத்தான்? அவனும் அரை உசுருல கெடந்தவன்தான? எங்கயாவது கரையேறிருப்பாரு. நீ பேரைச் சொன்னா அவரு செத்துருவாருக்கா. சொல்லாத. ஒன் காலைப் புடிக்கேன்.”

அவள் உண்மையாகவே குனிந்தாள். பிலோமி அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

“ராயப்பனுக்கு யாரு இருக்கா, விண்ணரசி?”

விண்ணரசி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொண்டாட்டி பிள்ளை இல்லாதவன் ராயப்பன். பதினான்கு ஆண்டுகளாக இந்த வீட்டு வள்ளத்தில் போய், இந்த வீட்டு அடுப்பில் சாப்பிட்டவன். அவன் பெயர் வாசிக்கப்படாமல்போனால் கரைக்கு ஓடி வர ஒருவரும் கிடையாது.

பன்னிரண்டு மணி. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பிலோமி ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் இளஞ்சேரன் நின்றான். கஸ்பார் அவளுக்குப் பக்கத்திலேயே, ஒலியைக் குறைக்கும் விசைக்கு அருகில், நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நான்கு வரித் தாளை மேசையில் வைத்து, அதன் மேல் தன் கைபேசியைப் பாரமாக வைத்திருந்தார். வாசிக்கச் சொல்லவுமில்லை, கிழித்தெறியவுமில்லை.

“கொண்டல் சமுதாய வானொலி. கரை சேர்ந்தவை.”

அவள் கறுப்புப் பெயர்களை மட்டும் வாசித்தாள். பதினொரு மங்கல் பெயர்களை விட்டுவிட்டாள். இளஞ்சேரன் கண்ணாடியைத் தட்டினான், அவள் நிமிரவில்லை. ஊர் ஊராகப் பட்டியல் நகர்ந்து சேந்தன்துறைக்கு வந்தது. கடைசிப் பெயரையும் வாசித்து முடித்தாள். அடுத்த சொல் அதுதான். வாயைத் திறந்தாள்.

பத்தொன்பது ஆண்டுகள் அவள் நாக்கைப் பழக்கியிருந்தன. ‘வி’ என்ற ஓசை உதட்டுக்கு வரவில்லை. செத்தவனின் மனைவி காலைப் பிடித்துச் சொல்லாதே என்றிருக்கிறாள். அவள் நம்பிக்கையைப் பறிக்க நீ யார், ஏற்கெனவே பறித்தது போதாதா என்று உள்ளுக்குள் ஒன்று கேட்டது. வானொலியில் ஐந்து நொடி போனது. பத்து நொடி. அந்த இடைவெளியை எட்டு ஊரும் கேட்டுக்கொண்டிருந்தது. எதற்கான இடைவெளி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கஸ்பார் நிம்மதியாக மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

அப்போது மாடிப்படியில் ஓடிவரும் காலடி கேட்டது. விண்ணரசி. தலைமுடி அவிழ்ந்து, மணிக்கட்டுவரை உப்புக் காய்ந்து, மூச்சிரைக்க வந்து கதவருகே நின்றாள். கஸ்பார் அவளைக் கண்டதும் எழுந்துபோய், தானே அறைக்கதவைத் திறந்துவிட்டார். பிலோமி பேசிவிடாமல் தடுக்க இவளைவிட உரிமையுள்ளவர் யார் இருக்கிறார்கள்?

“வா தாயி,” என்றார் தாழ்ந்த குரலில். “நீயே சொல்லு அவகிட்ட.”

விண்ணரசி அவரைப் பார்க்கவில்லை. பிலோமியையும் பார்க்கவில்லை. ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினாள். கஸ்பார் புரிந்துகொண்டு விசையை நோக்கித் திரும்புவதற்குள் பிலோமி இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டாள். அவர் அவளுடைய விரல்களைப் பிரிக்க முயன்றார், அவை பிரியவில்லை.

“நான் விண்ணரசி பேசுதேன். தொம்மை பொண்டாட்டி,” என்றாள், அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல் உரத்து. “நேத்து எங்க வள்ளம் வந்துட்டுன்னு சொன்னது பொய். வரல்ல. ராயப்பன் அண்ணன் டீசல் கேனைப் புடிச்சிக்கிட்டு நமக்குத் தெக்க கெடக்காரு, உசுரோட. கடல்ல நிக்கிறவிய, கரைக்கு வந்தவிய, அத்தன பேரும் தெக்காம திருப்புங்க. என் வீட்டுக்காரரையும் பாருங்க. அந்த அண்ணனுக்காகக் கரையில நிக்க ஆளில்லன்னு யாரும் நெனைக்காதீங்க. நான் நிக்கேன்.”

அவள் நிறுத்தினாள். உதடுகள் ஒருமுறை இறுகித் திறந்தன.

“வள்ளத்துப் பேரு விடிவெள்ளி. கரைக்கு வரல்ல. கேக்குதா? விடிவெள்ளி.”